கோட்டில் ஒரு நெளிவு

கோடு நேராகத்தான் இருந்தது. அது திரவியத்துக்குத் தெரியும். ஆரஞ்சு நிறத் தரையில் வெள்ளையாக, இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை, காலையில் இரண்டு பேர் மண்டி போட்டு ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே போனதை அவரே நின்று பார்த்திருந்தார். நேர்கோடு. ஆனால் இப்போது ஆட்டக்களத்தின் மூலைக்கு வெளியே, அந்தக் கோட்டுக்கு நேராக, கையில் சிவப்புக் கொடியோடு நின்று பார்க்கையில் நடுவில் அது லேசாக மேலே எழும்பி மறுபடி இறங்கியது, தண்ணீரில் பாதி முங்கிய கம்பு போல. எழும்பிய இடத்தின்மேல் சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. கண்ணாடியில் யாரோ எண்ணெய் விரலை வைத்துவிட்டதுபோல, ஆனால் துடைத்தால் போகாத திட்டு. தலையைத் திருப்பினால் அதுவும் திரும்பியது. கூரை விளக்கைப் பார்த்தால் விளக்கின்மேல், உயர்ந்த மேடையில் நிற்கும் முதல் நடுவரைப் பார்த்தால் அவர் மூக்கின்மேல். எதைப் பார்க்கவேண்டும் என்று நினைக்கிறாரோ சரியாக அதன்மேல் போய் உட்கார்ந்தது. பார்க்க நினைக்காததெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. பெஞ்சுக்கு அடியில் யாரோ போட்ட ஆரஞ்சுத் தோல் தெரிந்தது. நான்காவது வரிசையில் ஒரு பெண் குழந்தைக்குப் பால் புட்டியைக் குலுக்குவது ஓரக்கண்ணில் தெரிந்தது. கோட்டின் நடு மட்டும் தெரியவில்லை. அவர் இங்கே நிற்பதே அந்தக் கோட்டுக்காக. மற்ற மூன்று கோடுகளுக்கும் வேறு மூன்று பேர் இருக்கிறார்கள். இந்தப் பின்கோடு அவருடையது. பந்து இதைத் தொட்டால் உள்ளே, கொடி கீழே. தொடாமல் தாண்டினால் வெளியே, கொடி மேலே. இவ்வளவுதான் வேலை.

நான்காவது செட் முடிந்து விசில் ஊதியிருந்தது. ஆசிய மகளிர் கிளப் வாலிபால் சாம்பியன்ஷிப்பில் சென்னை அணிக்கும் வியட்நாம் அணிக்கும் நடக்கும் ஆட்டம். ஆளுக்கு இரண்டு செட். இனி ஐந்தாவது. ஜெயிப்பவர்கள் அரையிறுதிக்குப் போவார்கள், தோற்பவர்கள் ஊருக்குப் போவார்கள். பெரிய அரங்கத்தில் என்றால் ஒவ்வொரு கோட்டுக்கும் காமிரா வைத்திருக்கிறார்கள், சந்தேகம் என்றால் போட்டுப் பார்த்துவிடலாம். இது இரண்டாவது அரங்கம். இங்கே கோட்டுக்குக் காமிரா கிடையாது. இங்கே திரவியம்தான் காமிரா. முழுப்பெயர் ஞானதிரவியம், தூத்துக்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி ஆசிரியர், ஐம்பத்து நான்கு வயது. ஐம்பத்தைந்தில் நடுவர் வேலையிலிருந்து விலக்கிவிடுவார்கள் என்பதால் வெளிநாட்டு அணிகள் ஆடும் போட்டியில் நிற்க அவருக்கு இதுதான் முதல் வாய்ப்பு, கடைசியும் இதுதான். இடைவேளையில் கோட்டு நடுவர்கள் தண்ணீர் குடிக்கக் கூடினார்கள். பொற்கொடி அவர் அருகில் வந்து நின்றாள். சேலத்தில் ரயில்வேயில் வேலை பார்ப்பவள், பக்கக்கோட்டில் நிற்பவள், வாய் ஓயாதவள். மஞ்சள் சட்டை வியட்நாம்காரி ஒருத்தி இரண்டு செட்டாகத் தன்னையே முறைப்பதாகச் சொன்னாள். "நான் என்ன சார் அவ மாமியாரா?" திரவியம் சிரித்தார். சிரிப்பு சரியாக வந்ததா என்று உடனே சந்தேகம் வந்தது. அவள் தண்ணீரை விழுங்கிவிட்டு, "இனி உங்க கோட்டுலதான் சார் எல்லாம் விழும். நம்ம தமயந்தி கை முழுசா வீசி நீளமாத்தான் அடிக்கறா. எங்க ஊர்ப் பொண்ணு, சின்னதுலேருந்தே அப்படித்தான்," என்றாள். உங்க கோட்டுலதான். ஏன் அதைச் சொன்னாள்? ஏதாவது கவனித்திருப்பாளா? அவள் முகத்தைப் பார்த்தார். முகம் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் இருந்தது, அதைச் சுற்றிக் கம்மலும் கழுத்தும் கூந்தலில் குத்திய கிளிப்பும் தெளிவாக இருந்தன. சட்டென்று தண்ணீர் பாட்டிலைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டார்.

மூன்று வாரத்துக்கு முன்னால் இது ஒரு வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தது. பள்ளி மைதானத்தில் மாவட்டப் போட்டிக்கு அவரே சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டார். இரண்டு முனையிலும் ஆணி அடித்து, கயிறு கட்டி, கயிற்றை ஒட்டி நடந்துகொண்டே டப்பாவைத் தட்டுகிற வேலை. முப்பது வருஷமாகச் செய்வது, தூக்கத்தில்கூடச் செய்யலாம். போட்டுவிட்டுத் திரும்பி, வழக்கம்போல இடக்கண்ணை மூடிக் குறிபார்த்தால் நடுவில் வளைந்திருந்தது. காலால் அழித்துவிட்டு மறுபடி போட்டார். மறுபடியும் வளைந்திருந்தது. கயிறு தொய்ந்துவிட்டது என்று இழுத்துக் கட்டினார். அப்புறம் கயிற்றையே நம்பாமல் அவிழ்த்து எறிந்துவிட்டு, கண்ணுக்கு எது நேராகத் தெரிந்ததோ அப்படிப் போட்டார். இப்போது சரி என்று நிமிர்ந்தார். கணக்கு வாத்தியார் சாமுவேல் கொய்யாக்காயைக் கடித்துக்கொண்டே வந்து நின்று, "என்னவே திரவியம், கோடு போடுதீரா கோலம் போடுதீரா?" என்று கேட்டார். பிள்ளைகள் சிரித்தார்கள். திரவியமும் சிரித்தார். சிரித்துக்கொண்டே தலையைச் சாய்த்துப் பார்த்தார், ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், மற்றக் கண்ணை மூடிப் பார்த்தார். வலக்கண்ணை மூடினால் கோடு பாம்பு மாதிரி நெளிந்து கிடந்தது, சாமுவேல் சொன்னதுதான் சரி. இடக்கண்ணை மூடினால் அச்சுக்கோத்ததுபோல நேராக இருந்தது. தன் கண்ணின் வளைவுக்குச் சரியாகத் தரையை வளைத்திருக்கிறார். மறுநாளே பஸ் ஏறினார். திருநெல்வேலியில் கண் டாக்டர், சின்னப் பெண், அங்கிள் என்று கூப்பிட்டாள், வலக்கண்ணில் விழித்திரைக்கு அடியில் நீர் கோத்திருக்கிறது என்றாள். மனசில் பதற்றம் அதிகம் இருக்கிறவர்களுக்கு வரும், பெரும்பாலும் தானாக வற்றிவிடும், சிலருக்கு வற்றாது. மற்றக் கண்ணுக்கும் வருமா என்று கேட்டார். வரலாம், வராமலும் போகலாம். "டென்ஷன் ஆகாம இருங்க அங்கிள், அதான் மருந்து." அன்றிலிருந்து அவர் டென்ஷன் ஆகாமல் இருப்பதற்காகப் படுகிற பாடு அவருக்குத்தான் தெரியும். பயந்தால் நீர் கோக்கும். நீர் கோக்குமே என்று பயந்தால் இன்னும் கோக்கும். ஒவ்வொரு பயமும் ஒரு சொட்டாகக் கண்ணுக்குப் பின்னால் இறங்குவதுபோல இருந்தது. இதோ இப்போது ஒரு சொட்டு. அதை நினைத்ததற்கு இன்னொன்று. மனைவி ஜெபக்கனியிடம் சொல்லவில்லை. கண்ணாடியை மாற்றவேண்டுமாம் என்று மட்டும் அவளிடம் சொல்லியிருந்தார். மத்தியானம் அவள் போன் பண்ணி, செல்லில் நேற்றைய ஆட்டத்தைப் பார்த்ததாகவும் அவர் விளக்குக் கம்பம் மாதிரி நின்றதாகவும் பெருமையாகச் சொன்னாள்.

ஐந்தாவது செட்டுக்கு விசில். திரவியம் தன் இடத்தில் போய் நின்று, கால்களை அகட்டி, லேசாகக் குனிந்து, கொடியை முழங்காலுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். அவர் பக்கத்துப் பாதியில் சென்னைப் பெண்கள், நீலச் சட்டை. முதல் சர்வீஸ் அந்தப் பக்கமிருந்து வந்தது, எடுத்தார்கள், தூக்கினார்கள், அடித்தார்கள், பந்து எங்கோ தூரத்தில் விழுந்தது, அவருக்கு வேலையில்லை. அப்பாடா. அடுத்தது. அடுத்ததில் பந்து இவர் பக்கமே வந்தது. உயரமாக, தாராளமாக, கோட்டைத் தாண்டி இரண்டடி தள்ளி விழுந்தது. கொடி மேலே. இதெல்லாம் யாரும் சொல்வார்கள். இரண்டடிக்கு நடுவர் வேண்டாம். அவரை நிறுத்தியிருப்பது இரண்டு விரல்கடைக்காக. இந்த மூன்று நாளும் அந்த இரண்டு விரல்கடை வந்தபோதெல்லாம் என்ன செய்தார்? யோசிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே யோசித்தார். பந்தைப் பார்க்கவில்லை. முகங்களைப் பார்த்தார். பந்து விழுகிற இடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவளின் உடம்பு சொல்லிவிடும். உள்ளே விழுந்தால் அவள் தோள் ஒரு நொடி முன்னாலேயே தொங்கிப்போகும்; வெளியே என்றால் முகம் திரும்புவதற்கு முன்னால் கை எழும்பும். அடித்தவளைப் பார்த்தாலும் தெரியும். கள்ளத்தனமாகத் துள்ளுகிறவளுக்கும் நிஜமாகத் துள்ளுகிறவளுக்கும் முழங்காலில் வித்தியாசம் இருக்கிறது. இப்படியே ஓரத்திலிருந்து பொறுக்கி எடுத்து, நடுவில் இருக்கிற ஓட்டையை அடைத்து, கொடியைக் காட்டினார். ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. நேற்று மேற்பார்வையாளர், தாய்லாந்துப் பெண்மணி, நரைத்த கிராப்புத்தலை, ஆட்டம் முடிந்ததும் அவரைத் தேடி வந்து கைகொடுத்து, நல்ல கண்கள் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனாள். நல்ல கண்கள். பயத்திலும் ஒரு புதுப் பயம் அப்போது நுழைந்தது. கண் இல்லாமலே இவ்வளவு சரியாகச் சொல்ல முடிகிறது என்றால், கண் இருந்தபோது மட்டும் என்ன பார்த்தேன்? முப்பது வருஷமாக, செம்மண்ணிலும் சிமெண்டிலும், இந்தக் கை கொடியை இறக்கியபோதெல்லாம் பந்தைப் பார்த்துத்தான் இறக்கியதா? இல்லை, அப்போதும் தோளையும் முழங்காலையும்தான் பார்த்ததா? பார்த்தேன் என்று சத்தியம் பண்ணச் சொன்னால் எதன்மேல் பண்ணுவது?

ஓரத்திலிருந்து பொறுக்குவதை அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, வீட்டிலேயே பார்த்திருக்கிறார். அப்பா உப்பளத்தில் வேலை செய்தவர். வெள்ளைவெளேரென்று பாத்தி பாத்தியாக வெயில் தரையிலிருந்தும் அடிக்கும் இடம் அது. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் அவருக்கு ஆட்களின் முகம் போய்விட்டது. போனதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. செருப்புச் சத்தத்தை வைத்து, இருமலை வைத்து, பீடி வாசனையை வைத்து, வாங்க மாப்பிள்ளை, வாங்க தம்பி என்று சரியாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வெகுநாள் யாருக்கும் தெரியவில்லை. ஒருநாள் துணிக்கொடியில் காய்ந்த சட்டை காற்றில் அசைவதைப் பார்த்து, "நிக்கியளே, உக்காருங்க," என்றார். சட்டை உட்காராததால் இன்னொரு தரம் மரியாதையாகச் சொன்னார். வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள், திரவியமும்தான். அவரும் சிரித்தார், வேண்டுமென்றே சொன்ன மாதிரி. அந்தச் சிரிப்பு, பல் மட்டும் சிரித்து கண் எங்கோ தேடிக்கொண்டிருந்த அந்தச் சிரிப்பு, இன்று பொற்கொடி முன்னால் தன் முகத்தில் வந்ததா? வந்திருக்கும். வராமல் எப்படி இருக்கும். அரங்கத்தில் கூச்சல் எழும்பியது. சென்னைக்கு ஒரு புள்ளி. பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள் ஒரு பகுதி முழுக்க உட்கார்ந்து பீப்பி ஊதிக்கொண்டிருந்தார்கள். திரவியம் கோட்டைப் பார்த்தார். நெளிவு அங்கேயே இருந்தது. அதைத்தான் காலையிலிருந்து அவர் தொடாமல் சுற்றிச் சுற்றி வருகிறார். நேற்றுவரை இரண்டு கண்ணையும் திறந்திருந்தால் நெளிவு தெரியாது. இடக்கண் நல்ல கண், வலக்கண்ணின் குற்றத்தை மூடி மறைத்துவிடும். அசந்தால்தான், அரங்க விளக்கின் கூச்சத்தில்தான், திட்டு வரும். இன்று காலையில் விடுதிக் குளியலறையில் பல் தேய்க்கும்போது சுவரில் பதித்த ஓடுகளின் இணைப்புக்கோடு நடுவில் நெளிந்தது. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போதே. அப்படியென்றால் என்ன அர்த்தம்? வலக்கண் இன்னும் மோசமாகிவிட்டது, இடக்கண்ணால் மூடி மறைக்க முடியவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். இல்லையென்றால் இடக்கண்ணும் போக ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். எது என்று தெரிந்துகொள்வது ஒரு காரியமே இல்லை. வலக்கண்ணை மூடிக்கொண்டு இடக்கண்ணால் மட்டும் ஒரு நேர்கோட்டைப் பார்த்தால் போதும். கண்ணை மூடுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? அதை அவர் செய்யவில்லை. வாயில் நுரையோடு சுவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். பஸ்ஸில் ஜன்னல் கம்பிகளைப் பார்க்காமல் முன்னால் உட்கார்ந்திருந்தவரின் சட்டைக் காலரைப் பார்த்துக்கொண்டு வந்தார். மூடிப் பார்க்காதவரை ஒரு கண் நல்ல கண்ணாக இருந்தது. மூடிப் பார்த்துவிட்டால் என்னவாக இருக்கும் என்று யார் சொல்ல முடியும்.

எட்டாவது புள்ளியில் அணிகள் பக்கம் மாறின. இப்போது அவர் பக்கத்துக்கு மஞ்சள் சட்டைகள் வந்தன. அவர்களோடு ஊதா நிறச் சட்டையில் ஒரு சின்னப் பெண். லிபரோ, பின்வரிசையில் தரையோடு தரையாக விழுந்து பந்தை எடுப்பதற்கென்றே நிறுத்தப்படுகிறவள், அடிக்கவோ தடுக்கவோ அவளுக்கு உரிமை கிடையாது. அவள் நிற்கிற இடம் திரவியத்தின் கோட்டுக்கு இரண்டு எட்டு முன்னால். வந்ததும் அவள் குனிந்து, உள்ளங்கையால் தரையைத் தொட்டு, திரும்பி, பின்னால் கிடக்கும் கோட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டாள். ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் இதைச் செய்தாள். கோடு எங்கே இருக்கிறது என்று முதுகால் தெரிந்துகொள்கிறாள். அந்தக் கோடு சத்தியமானது என்று நினைக்கிறாள். அதற்குக் காவலாக ஒரு ஆள் நிற்கிறான், அவனுக்குக் கண் தெரியும் என்று நினைக்கிறாள். திரவியத்துக்கு அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது. வலக்கண்ணை மூடிக்கொண்டு நின்றால்தான் என்ன? ஆட்டம் முடியும்வரை, பந்து இந்தப் பக்கம் வரும்போது மட்டும், ஒரு நொடி. யார் கவனிக்கப்போகிறார்கள்? மேற்பார்வையாளர் கவனிப்பாள், எதிர்ப்பக்கம் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் கவனிக்காவிட்டாலும்? அவள் கவனிக்காவிட்டாலும் மூடமாட்டேன் என்று அவருக்கே தெரிந்தது. மேற்பார்வையாளர் ஒரு சாக்கு. மூடினால் தெரிந்துவிடும். பந்து உள்ளேயா வெளியேயா என்பது அல்ல, மற்றது தெரிந்துவிடும். இரண்டும் போய்விட்டால் பள்ளிக்கூடத்தில் எப்படி நிற்பது, மைதானத்துக்குப் போகிற வழியில் படி எத்தனை என்று காலால் தேடிக்கொண்டு, சாமுவேலின் குரலை வைத்துச் சிரித்துக்கொண்டு. ஜெபக்கனியின் முகம் முதலில் போகும், நேராகப் பார்க்கிற முகம்தானே முதலில் போகிறது. அவள் வளையல் மட்டும் மிஞ்சும். இன்னொரு சொட்டு இறங்கியது. பன்னிரண்டு, பன்னிரண்டு. வியட்நாம் பெண் ஒருத்தி வலையில் அடித்தாள். பதிமூன்று. அப்புறம் அவளே திருப்பி ஒன்று எடுத்தாள். அப்புறம் தமயந்தி கட்டைவிரல் அகலத்தில் ஒரு இடைவெளி கண்டுபிடித்து இறக்கினாள். சென்னை பதினான்கு, வியட்நாம் பதிமூன்று. பீப்பிகள் ஒரேயடியாக ஊதின, காது அடைத்துப்போயிற்று. இன்னும் ஒரு புள்ளி. அது இந்தப் பக்கம் வராமல் இருக்கட்டும். ஆண்டவரே, பக்கக்கோட்டுக்குப் போகட்டும், பொற்கொடிக்குப் போகட்டும், அவளுக்கு இரண்டு கண்ணும் இருக்கிறது.

சர்வீஸ் நீளமாக வந்தது, ஊதாச்சட்டைப் பெண் எடுத்தாள். மஞ்சள் அடித்தது, நீலம் எழுப்பியது. மறுபடி மஞ்சள், மறுபடி நீலம். பந்து விழமாட்டேன் என்று அடம்பிடித்ததுபோல வலைக்கு இங்கும் அங்குமாகப் போய்க்கொண்டிருந்தது. அரங்கம் ஒவ்வொரு அடிக்கும் ஒரு மூச்சு இழுத்தது. திரவியம் குனிந்து நின்றார். கொடியின் கம்பு உள்ளங்கை வேர்வையில் வழுக்கியது. பிறகு தமயந்தி பின்னாலிருந்து ஓடி வந்து எழும்புவது ஓரத்தில் தெரிந்தது, நீலமாக ஒன்று மேலே போய் அங்கேயே ஒரு கணம் நின்றது. அடித்த சத்தம். பந்து தடுப்பவர்களின் கைகளுக்கு மேலே, யார் விரலிலும் படாமல், நேராக அவர் கோட்டை நோக்கி வந்தது. ஊதாச்சட்டைப் பெண் அதன்கீழ் போனாள், கைகளைக் கோத்தாள். கடைசி நொடியில் கைகளைப் பிரித்துப் பின்னால் இழுத்துக்கொண்டாள். விட்டுவிட்டாள். வெளியே என்று விட்டுவிட்டாள். பந்து சாம்பலுக்குள் நுழைந்தது, சாம்பலுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது, சாம்பலைவிட்டுப் பந்து வெளியே எழும்பிப் போயிற்று. நடுவில் நடந்தது இல்லை. அவர் தோளைத் தேடினார், அந்தப் பெண்ணின் தோள் எங்கே, சாம்பலுக்குப் பின்னால். முழங்காலைத் தேடினார், தமயந்தி இன்னும் காற்றில்தான் இருந்தாள். முகங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் அவரை நோக்கித் திரும்பின, ஒரு முகத்திலும் முகம் இல்லை. கோட்டு நடுவர்களுக்கு இன்னொரு சைகை உண்டு. இரண்டு கைகளையும் மார்பின்மேல் குறுக்காக வைத்துக்கொள்வது. எனக்குத் தெரியவில்லை என்று அர்த்தம். எல்லாப் பயிற்சி வகுப்பிலும் அதைக் கடைசியாகச் சொல்லித்தருவார்கள், சொல்லித்தரும்போது எல்லாரும் சிரிப்பார்கள், ஏனென்றால் அதைக் காட்டினவனை மறுபடி ஒரு போட்டிக்கும் கூப்பிடுவதில்லை. காலையில் கூட்டத்தில் முதல் நடுவர், லெபனான்காரர், கொடி தாமதமானால் சந்தேகம் என்று பொருள், உடனே காட்டுங்கள் என்று சொல்லியிருந்தார். கைகளைக் குறுக்காக வைத்துக்கொள்ளத்தான் திரவியம் நினைத்தார். நினைத்து முடிப்பதற்குள் வலக்கை தானாக இறங்கியது. சுருக்கென்று, உறுதியாக, முப்பது வருஷப் பழக்கத்தில் துளி நடுக்கம் இல்லாமல், கொடி தரையைச் சுட்டியது. உள்ளே. விசில். கூரை பெயர்ந்து விழுவதுபோல ஒரு கூச்சல். நீலச் சட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து கட்டிக்கொண்டன.

ஊதாச்சட்டைப் பெண் கத்தவில்லை. அவள் கோட்டருகே உட்கார்ந்து, பந்து விழுந்த இடத்தை ஒரு விரலால் தொட்டாள், கோட்டை இன்னொரு விரலால் தொட்டாள். அந்த இரண்டு விரலையும் அப்படியே கலைக்காமல் தூக்கிக்கொண்டு எழுந்து அவரை நோக்கி வந்து, கைக்கெட்டும் தூரத்தில் நின்று, முகத்துக்கு முன்னால் நீட்டினாள். ஏதோ சொன்னாள், அவள் மொழியில், மெதுவாக, கோபமாகக்கூட இல்லை. திரவியம் பார்த்தார். இரண்டு விரலும் ஒட்டியிருந்தனவா, நடுவில் இடைவெளி இருந்ததா என்று தெரியவில்லை. விரல்நுனிகள் சேரவேண்டிய இடத்தில்தான் திட்டு போய் உட்கார்ந்திருந்தது. அவள் காத்திருந்தாள். தலையை ஆட்டிவிட்டு வேறு பக்கம் பார்க்கலாம். நடுவர்கள் அப்படித்தான் செய்வார்கள். அவர் வலக்கண்ணை மூடினார். ஏன் மூடினார் என்று பிறகு எவ்வளவு யோசித்தும் அவருக்குப் பிடிபடவில்லை. காலையிலிருந்து செய்யாததை, சுவரிலிருந்தும் கம்பியிலிருந்தும் ஓடி ஒளிந்ததை, அந்தச் சின்ன விரல்களுக்கு முன்னால் செய்துவிட்டார். இடைவெளி இருந்தது. இரண்டு விரல்கடை. விளிம்பு சுத்தமாக, சாம்பல் இல்லாமல், நெளிவு இல்லாமல். அதற்குள் அவள் சட்டையின் ஊதா தெரிந்தது. சுட்டுவிரல் நகத்தில் சாயம் பாதி உரிந்திருந்தது தெரிந்தது. நகத்துக்குக் கீழே தோலில் ஒட்டியிருந்த வெள்ளை பிளாஸ்டரின் நூலிழைகூடத் தெரிந்தது. அவளுக்குப் பின்னால் கோடு மூலையிலிருந்து மூலைக்கு விறைப்பாக, நூல் பிடித்ததுபோல ஓடியது. நல்ல கண். நல்ல கண்ணாகவே இருக்கிறது. திரவியத்தின் நெஞ்சுக்குள் ஏதோ உடைந்து வெதுவெதுப்பாகப் பரவியது, அழுகை வந்தது. மூன்று வாரத்தில் முதல் முறையாக அவர் சந்தோஷமாக இருந்தார். அந்தச் சந்தோஷத்தோடு அவளைப் பார்த்துச் சிரித்தும்விட்டார். அவள் முகம் அவருக்கு முதல் தடவையாகத் தெரிந்தது. இருபது வயது இருக்கும், மேலுதட்டில் வேர்வை, கண்ணில் நீர் நிறைந்து விழாமல் நின்றது. தன்னைப் பார்த்துச் சிரிக்கிற இந்தக் கிழவனை அவள் நம்ப முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம்தான் மற்றது உறைத்தது. பந்து வெளியே. இதே கண்ணால், இதே சுத்தமான கண்ணால், ஒரே ஒரு நொடி மற்றதை மூடிக்கொண்டிருந்தால் பந்தைப் பார்த்திருப்பார். தவறவிட்டது பார்க்கமுடியாததால் அல்ல, பார்க்கப் பயந்ததால். மஞ்சள் அணியின் தலைவி மேடைக்குக் கீழே நின்று முதல் நடுவரிடம் கைகூப்பாத குறையாக ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாம் நடுவர் கைகுலுக்க வந்த சென்னைப் பெண்களைக் கையமர்த்தி நிறுத்தினார். லெபனான்காரர் அரங்கத்தின் கூச்சலுக்கு மேலாகத் திரவியத்தைப் பார்த்து, ஒரு விரலை மடக்கிக் கூப்பிட்டார். மேடை அதிக தூரமில்லை. நடந்தார். உள்ளே என்று சொன்னால் போதும். தலையசைத்தால்கூடப் போதும், கொடி ஏற்கெனவே சொல்லிவிட்டது. பீப்பி ஊதுகிற ஆயிரம் பேர் அவர் பக்கம். ஊருக்கு நல்ல பெயரோடு போகலாம், டாக்டரிடம் போகலாம், ஒரு கண்ணோடு இன்னும் எத்தனையோ வருஷம் கோடு போடலாம். வேறு மாதிரி சொன்னால் என்னென்ன நடக்கும் என்று அவரால் யோசிக்கக்கூட முடியவில்லை; பொற்கொடி தூரத்திலிருந்து என்ன சார் என்பதுபோலக் கையை விரித்தாள். சொல்லத்தான் போகிறார் என்பது நடக்கும்போதே தெரிந்துவிட்டது. ஆனால் அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை என்றும் தெரிந்தது. இடக்கண்ணிலும் சாம்பல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா? மாட்டேன். அப்பாவைப் போலச் சிரித்துக்கொண்டு தலையாட்டியிருப்பேன். ஒரு கண் மிச்சம் இருக்கிறது என்கிற தைரியத்தில் வருகிற உண்மை இது. இதற்கு என்ன மதிப்பு? அந்தப் பெண்ணுக்கு அதைப்பற்றி என்ன கவலை, அவளுக்கு வேண்டியது அந்த ஒரு புள்ளி. மேடைக்குக் கீழே வந்து நின்று நிமிர்ந்தார். லெபனான்காரர் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, பந்தைப் பார்த்தீர்களா என்று ஆங்கிலத்தில் நிதானமாகக் கேட்டார்.

"பாக்கலை சார். எனக்குக் கண்ணு தெரியலை."

லெபனான்காரர் காதருகே கையைக் குவித்துக்கொண்டு இன்னும் குனிந்தார். தமிழில் சொல்லியிருக்கிறோம் என்பது அப்போதுதான் திரவியத்துக்கு உறைத்தது. இன்னொரு தடவை சொல்லவேண்டும். முதல் தடவை வாய் தவறி வந்ததுபோல வந்துவிட்டது. இந்தத் தடவை ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து, அவருக்குப் புரியும்படி, திரும்ப வாங்க முடியாதபடி சொல்லவேண்டும். பீப்பிச் சத்தம் கொஞ்சம் அடங்கட்டும் என்று காத்திருக்கத் தோன்றியது. காத்திருந்தால் அப்புறம் வராது. கம்பியை அவரும் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, குரலை உயர்த்திச் சொன்னார்.